பாக் துகிரானின் ஈர நுரையீரல்

2017ஆம் ஆண்டு ஜனவரி பதினேழாம் நாள், செவ்வாய்க்கிழமை. காலையில் வெயில் இருந்தது. நண்பகலுக்குப் பின் மழை பிடித்தது. மழைக்கு இடையிடையே மேற்கிலிருந்து குளிர்ந்த காற்று வீசியது. இம்மூன்றனுள் கடைசியாகச் சொன்னதையே பாக் துகிரான் தம் நோய்க்குக் காரணமாகக் கொண்டார். கிளாத்தென் ஊர்ச் சந்தைக்குப் பின்னால் உள்ள எங்கள் தெருவில் அதை மறுத்தவர் எவரும் இலர். (பாக் என்பது எங்களில் ஆண்களுக்கும் இபு என்பது பெண்களுக்கும் உரிய மரியாதைச் சொல்.)

அவர் இன்றும் நலமாக இருக்கிறார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையெனில், பின்வருவனவற்றைப் படித்துச் சிரிப்பது முறையாகாது.

துகிரான் மோட்டார் சைக்கிள் இருக்கைகளுக்கு உறை தைப்பவர். சந்தை மூலையில் ஒரு சிறு பட்டறை. அதன் பின்னால் பஞ்சும் ரெக்சினும் அடுக்கிவைக்கும் ஓர் அறை. கைவேலை சுத்தம், பேச்சு குறைவு, காற்றுக்கு மட்டும் அச்சம். எங்கள் ஊரில் எல்லோருமே காற்றுக்கு அஞ்சுபவர்கள்தாம். வண்டியில் போகும்போது மேற்சட்டையை முன்பின் மாற்றி அணிந்து, திறப்பை முதுகுக்குத் தள்ளிவிடுவோம்; நெஞ்சுக்குள் காற்று புக வழியிராது. துகிரான் இதில் எங்கள் எல்லோரையும் விஞ்சினார். இருக்கைக்குப் போடும் கறுப்பு ரெக்சினிலேயே, பின்புறம் பொத்தான் வைத்து, நெஞ்சுப் பகுதியில் பஞ்சு திணித்து, தமக்கென ஒரு சட்டை தைத்துக்கொண்டார். அதைத் தாமாகப் பூட்டிக்கொள்ள இயலாது. காலையில் அவர் மனைவி சுமியெம் பூட்டிவிடுவார். பட்டறையில் பக்கத்துக் கடை மெக்கானிக் விர்யோ அவிழ்த்துவிடுவார். அசையும்போதெல்லாம் அச்சட்டை புதுச் செருப்பைப் போலக் கிறீச்சிட்டது. துகிரான் கண்ணுக்குப் படுமுன்பே காதுக்கு வந்துவிடுவார்.

அவருக்கு இருந்த மற்றொரு பித்து பறவை. அதைப் பற்றிச் சொல்ல, அவருடைய மகளின் திருமணத்தைச் சொல்லவேண்டும்.

பெண்ணைக் கைப்பிடித்துக் கொடுக்கும் உரிமை எங்களில் தந்தைக்கே உரியது. அவர் வாய்திறந்து சொல்லாமல் திருமணம் நிறைவேறாது. அன்று மாப்பிள்ளை வந்தார், திருமண அதிகாரி வந்தார், விருந்தினர் வந்தனர், தந்தையைக் காணவில்லை. பக்கத்து ஊரில் நடந்த பறவைப் பாட்டுப் போட்டியில் தம் பறவையின் முறை வருவதற்காக அவர் காத்திருந்தார். சமையல்காரர்கள் ஆட்டுக்கறியை மறுபடியும் சூடாக்கிய பிறகே, பட்டு வேட்டியோடும் கூண்டோடும் வந்து சேர்ந்தார். மறுநாள் சுமியெம், அதே அதிகாரியின் முன்னால், இனிப் பறவை வளர்ப்பதில்லை என்று கணவரிடம் சத்தியம் வாங்கினார்.

"இன்னொரு தடவை பறவைன்னு வந்தா, அதுகூடவே குடித்தனம் நடத்திக்குங்க பாக். நான் மக வீட்டுக்குப் போயிடுவேன்," என்றார். சுமியெம் சொன்னால் செய்பவர்.

சத்தியம் ஓராண்டு நின்றது. அதன்பின் கெந்திஸ் வந்தாள். பச்சை உடலும் சிவந்த முகமும் கொண்ட லவ்பேர்ட். உள்ளங்கையில் அடங்கும் கிளி. அவள் இழுக்கும் சங்கிலிக் குரல், கேட்பவர் மூச்சுவிட்டு மறுமூச்சு வாங்கிய பின்பும் அறுபடாது. எங்கள் பக்கத்துப் போட்டிகளில் அந்த நீளத்திற்குத்தான் மதிப்பெண். துகிரான் அவளைப் பட்டறையின் பின்னறையில் பஞ்சுப் பொதிகளுக்கு நடுவே வைத்தார். குரல் வெளியே கேட்காதிருக்கவும் காற்று உள்ளே வராதிருக்கவும் சன்னலை அடைத்தார். அவளுடைய கூண்டுக்கும் ரெக்சினில் ஓர் உறை தைத்தார். அதன் திறப்பும் பின்புறமே இருந்தது. ஒவ்வொரு காலையும் தீனிக் கிண்ணத்தை முகத்தருகே பிடித்து, 'பூ' என்று ஊதி உமியைப் பறக்கவிட்டு, புதுத் தினையை நிரப்புவார். பிறகு அவளை அலகில் முத்தமிட்டு வேலையைத் தொடங்குவார். சட்டை கிறீச்சிட்டால் போதும். அவர் வந்துவிட்டார் என்று கெந்திஸ் குரலெடுப்பாள்.

இவ்விவரம் தெருவில் அனைவருக்கும் தெரியும், சுமியெம் ஒருவரைத் தவிர.

முன்சொன்ன செவ்வாயன்று மாலையில் துகிரான் காய்ச்சலோடு வீடு திரும்பினார்.

"காத்து உள்ள போயிருச்சு," என்றார்.

"எந்த வழியா?" என்று சுமியெம் கேட்டார். "எல்லாப் பொத்தானையும் நான்தானே பூட்டுனேன்?"

"கழுத்து வழியா போயிருக்கும்."

எங்கள் ஊர் வழக்கப்படி சுமியெம் தைலம் பூசி, காசின் விளிம்பால் முதுகைச் சுரண்டினார். சிவந்த கோடுகள் எழுந்தன. கோடு எவ்வளவு சிவக்கிறதோ அவ்வளவு காற்று வெளியேறியதாகப் பொருள். துகிரானின் முதுகு அடுப்புத் தணலைப் போலச் சிவந்தது. ஆயினும் காய்ச்சல் இறங்கவில்லை, தலைவலி கூடியது, வறட்டு இருமல் சேர்ந்துகொண்டது.

அடுத்த சில நாள்களில் தெருவே வந்து நோய்க்குக் காரணம் சொன்னது.

"வெறும் தரையில படுத்திருப்பீங்க பாக்," என்றார் காப்பிக்கடை பார்த்தி. "சிமெண்டுக் குளிரு முதுகுல ஏறி நேரா நெஞ்சுக்குத்தான் போகும். எங்க வீட்டுக்காரர் அப்படித்தான் விழுந்தாரு."

"உங்க வீட்டுக்காரர் மாமரத்துலேருந்துல்ல விழுந்தாரு?" என்றார் சுமியெம்.

"அதுக்கு முன்னாடி தரையில படுத்திருந்தாரு இபு."

விர்யோ வேறு கட்சி. "ராத்திரியில குளிச்சீங்களா பாக்?"

"இல்லப்பா."

"பாத்தீங்களா. அழுக்கு அடைச்சுக்கிச்சு."

நிமோனியாவை எங்கள் மக்கள் ஈர நுரையீரல் என்பார்கள். ஈரம் எனில் காயவேண்டும் என்பது பார்த்தியின் முடிவு. எனவே மழை விட்ட நேரங்களில் துகிரானை முற்றத்து மூங்கில் கட்டிலில் கிடத்தி, வெயிலில் காயவைத்தார்கள். மழை வரும்போது பக்கத்து வீட்டார் துணியை எடுக்க ஓடுவார்கள். சுமியெம் கணவரை எடுக்க ஓடுவார். மூன்றாம் முறை எடுத்தபோது அவருக்கு எழுந்து நிற்கக்கூட வலுவில்லை. அன்றே அவரை ஊர் மருத்துவமனைக்குக் கொண்டுசென்றார்கள்.

டாக்டர் ஹெஸ்தி இளையவர்; பொறுமைசாலி. ரெக்சின் சட்டையைக் கழற்றுவதற்கே அவருக்கு ஒரு செவிலியின் உதவி தேவைப்பட்டது. கழற்றிய பின் முதுகைக் குனிந்து பார்த்தார்.

"என்ன பாக் இது, புலி மாதிரி வரிவரியா?"

"காத்தை எடுத்தோம் டாக்டர்," என்றார் சுமியெம்.

"எடுத்த காத்து எடுத்ததாவே இருக்கட்டும்," என்றார் டாக்டர். எக்ஸ்ரே எடுத்து வந்த பின், "படத்துல வலப்பக்க நுரையீரல்ல நிழல் தெரியுது. நிமோனியா," என்றார்.

"ஈர நுரையீரல்தானே? வெயில்ல போட்டுப் பாத்தோம்."

"ஈரம் சரிதான் இபு. நுரையீரலுக்குள்ள சின்னச் சின்னக் காத்துப் பைகள் இருக்கு. அதுல வீக்கம் வந்து, சீழோ நீரோ கோத்துக்கும். ஆனா அது வெயிலுக்குக் காயாது. ஏன் கோத்துக்கிச்சுன்னு பாக்கணும். பாக்டீரியான்னா அநேகமா திடீர்னு நடுங்கிக்கிட்டு வரும், துரு நிறத்துல சளி கூட வரலாம். வைரஸ்னா ஃப்ளூ மாதிரி ஆரம்பிச்சு மெதுவா நெஞ்சுக்கு இறங்கும். சளி வருதா பாக்?"

"இல்லைங்க. வறட்டு இருமல். மண்டைதான் ரெண்டா பிளக்குது."

"சிகரெட் பிடிப்பீங்களா?"

"கிராம்பு போட்டதுதாங்க. மருந்து மாதிரி."

டாக்டர் அதை எழுதிக்கொண்டார். மருந்து என்று எழுதவில்லை. "வீட்டுல கோழி, புறா, கிளி எதாவது வளக்கறீங்களா?" என்று அடுத்துக் கேட்டார்.

துகிரான் வாயைத் திறப்பதற்குள் சுமியெம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எங்க வீட்டுல தேடினாலும் ஒரு இறகு கிடைக்காது டாக்டர். அதிகாரி முன்னால சத்தியம் பண்ணின மனுசன் இவரு."

சத்தியம் பண்ணின மனிதர் இருமினார். அந்த இருமல் அவருக்கு உதவியாக அமைந்தது. அதற்குமேல் யாரும் அவரைக் கேட்கவில்லை.

வழக்கமான மருந்தை எழுதிக் கொடுத்து, டாக்டர் அவரை வார்டில் சேர்த்துக்கொண்டார். ஊசி ஏறியது, காய்ச்சல் இறங்கவில்லை. காசநோய் இருக்குமோ என்று சோதித்தார்கள், இல்லை. நிழல் சிறிது பரவியிருந்தது. மூச்சு வாங்கத் தொடங்கியதால் மூக்கில் பிராணவாயுக் குழாய் வைத்தார்கள். காற்றுக்கு அஞ்சி அஞ்சி வாழ்ந்த மனிதருக்குக் குழாய் வைத்துக் காற்றை உள்ளே அனுப்பினார்கள். அதைத் துகிரான் ஐயத்தோடு நோக்கினார்.

"பாக்டீரியாவுக்குக் குடுத்த மருந்து பிடிக்கல," என்றார் டாக்டர், படுக்கையருகே நின்று. "வேற காரணங்களையும் பாக்கணும். பூஞ்சைக்காளானாலயும் நிமோனியா வரும். அது பெரும்பாலும் எதிர்ப்புச் சக்தி ரொம்பக் கொறஞ்சவங்களுக்கு. உங்களுக்குச் சக்கரை கூட இல்ல. சாப்பாடு வழிதவறி மூச்சுக்குழாய்ல இறங்கினாலும் வரும்."

"இவரு சாப்பாடு ஒருநாளும் வழிதவறினதில்ல டாக்டர்," என்றார் சுமியெம்.

"ஆஸ்பத்திரியிலேயே ஒட்டிக்கற வகையும் உண்டு."

"அப்ப என்னை வீட்டுக்கு அனுப்பிடுங்க," என்றார் துகிரான்.

"நீங்க வரும்போதே கொண்டுவந்துட்டீங்க பாக். இன்னொண்ணு இருக்கு. கிளி மாதிரிப் பறவைங்ககிட்டேருந்து வர்றது. எச்சம் காஞ்சு தூசியாகும். அந்தத் தூசி மூச்சுல போனாப் போதும். கடும் தலைவலி, வறட்டு இருமல், எல்லாம் அதுமாதிரியே இருக்கு. அதுக்கு இந்த மருந்து கேக்கவே கேக்காது, வேற மாத்திரை. ஆனா ரத்தத்துல உங்க ஈரல் கொஞ்சம் கெட்டிருக்கறதாக் காட்டுது. காரணம் தெரியாம இன்னொரு மருந்தையும் ஏத்த எனக்கு யோசனையா இருக்கு. உங்ககிட்டத்தான் பறவையே இல்லையே."

"இல்லவே இல்ல," என்றார் சுமியெம்.

துகிரான் கூரையைப் பார்த்தார். சொன்னால் சரியான மாத்திரை வரும். கூடவே மனைவி பெட்டி கட்டுவார். சொல்லாவிட்டால் மனைவி அருகிலேயே இருப்பார். எத்தனை நாளைக்கு என்பதுதான் தெரியவில்லை. இவ்விரண்டுக்கும் இடையில் அவர் கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை மாலையில் விர்யோ நலம் விசாரிக்க வந்தார். கழுத்துவரை இழுத்த மேற்சட்டை. வயிறு ஒருபுறமாகப் புடைத்திருந்தது. சுமியெம் வெந்நீர் வாங்கப் போனதும், அவர் துகிரானின் காதருகே குனிந்தார்.

"அவ நாலு நாளா வாயத் திறக்கல பாக். இறகைச் சிலிர்த்துக்கிட்டு உக்காந்தே தூங்கறா. ஞாயித்துக்கிழமை போட்டி. உங்க மொகத்தப் பாத்தாலாவது தெளிவான்னு கூட்டிட்டு வந்தேன்."

"எங்க?"

விர்யோ தம் வயிற்றைத் தொட்டுக் காட்டினார். துணிப்பைக்குள் கெந்திஸ் இருந்தாள்.

"பைத்தியக்காரா. வார்டுக்குள்ளயா?"

"கூண்டோட வந்தா காவக்காரன் விடமாட்டான்ல."

அதற்குள் சுமியெம் வெந்நீரோடு வந்துவிட்டார். அவர் பின்னாலேயே டாக்டர் ஹெஸ்தியும் வந்தார். விர்யோ சுவரோடு ஒட்டி நின்றார்.

"எழுந்து உக்காருங்க பாக். முதுகுப்பக்கம் கேக்கணும்," என்றார் டாக்டர். தலைமாட்டில் மடித்து வைத்திருந்த ரெக்சின் சட்டையை நகர்த்துவதற்காக எடுத்தார். அது கிறீச்சிட்டது.

நான்கு நாள்களாக வாய்திறவாத கெந்திஸ், விர்யோவின் வயிற்றிலிருந்து பதில் சொன்னாள்.

டாக்டர் அப்போது காதில் குழலை மாட்டிக்கொண்டிருந்தார். துகிரானின் முதுகில் அதன் முனையை வைத்து, "மூச்சை இழுங்க," என்றார். குரல் தொடர்ந்தது. "விடுங்க." குரல் தொடர்ந்தது. முனையை இடப்பக்கம் மாற்றினார். அங்கும் அதே குரல். "இது என்ன இவ்வளவு நீளமா விசில் அடிக்குது," என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். "மூச்சை அடக்குங்க பாக்." துகிரான் அடக்கினார், முகம் கறுத்தது, குரல் மட்டும் அடங்கவில்லை.

விர்யோ உரக்க இருமிப் பார்த்தார். கெந்திஸ் அதைப் போட்டியாக எடுத்துக்கொண்டாள்.

டாக்டர் காதுக் குழலைக் கழற்றினார். இப்போது இன்னும் தெளிவாகக் கேட்டது. வார்டில் படுத்திருந்த அனைவரும் விர்யோவின் வயிற்றைப் பார்த்தார்கள்.

"சட்டையைத் திறங்க," என்றார் டாக்டர்.

துணிப்பையிலிருந்து சிவந்த முகமொன்று எட்டிப் பார்த்தது. சுமியெம் வெந்நீர்ப் புட்டியை மெதுவாகக் கீழே வைத்தார்.

"என்னோடதுங்க டாக்டர்," என்றார் விர்யோ. நல்ல நண்பர். "இவருக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. இவரு இதை மொதமொதல்ல இப்பத்தான் பாக்கறாரு."

"அப்ப உங்களுக்குக் காய்ச்சல், இருமல் ஏதாவது உண்டா?"

"எனக்கு எதுக்கு வரணும்? நான் அந்த அறைக்குள்ள..." என்று தொடங்கி, விர்யோ சட்டெனத் திருத்திக்கொண்டார். "அதாவது, நான் நல்லா காத்தோட்டமா வெச்சிருக்கேன் டாக்டர். அருமையான பறவை. ஞாயித்துக்கிழமை போட்டிக்கு என் பேர்லயே பதிஞ்சாச்சு. முதல் பரிசு எனக்குத்தான்."

துகிரானின் தலை அவர் பக்கம் திரும்பியது. மூக்குக் குழாய் விலகியதையும் அவர் கவனிக்கவில்லை.

"ஒன் பேர்லயா?"

"பின்ன யார் பேர்ல பாக்? உங்ககிட்டத்தான் பறவையே இல்லையே," என்றார் விர்யோ. இம்முறை அவர் குரலில் நட்பு மட்டும் இல்லை.

இந்த இடத்தில், பின்னர் நடந்தவற்றை முன்னதாகச் சொல்லிவிடுவது நல்லது. மாத்திரை மாறியது, இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது, மேலும் ஒரு நாளில் குழாயும் கழன்றது. கெந்திஸைக் கால்நடை மருத்துவர் தனியே வைத்துப் பார்த்தார். அவளுக்கும் அதே இன மருந்துதான். தண்ணீரில் கலந்து பல வாரம் குடித்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில் அவளும் கலந்துகொள்ளவில்லை, விர்யோவும் கலந்துகொள்ளவில்லை. நோயைக் கொண்டுவந்தது காற்றன்று, காற்றே புகாத அந்த அறையில், ஊதி ஊதி எழுப்பிய உமியும் எச்சத்தூசியுமே என்பதை டாக்டர் படம் வரைந்து காட்டினார். துகிரான், படம் நன்றாக இருக்கிறது என்றார். சுமியெம் மகள் வீட்டுக்குப் போனார். நான்காம் நாள், மகளின் மாமியாரோடு ஒத்துவராமல் திரும்பினார். கூண்டை முற்றத்து வெளிச்சத்தில் தம் கண்பார்வையில் மாட்டினார். கிண்ணத்தை ஊதாமல் ஈரத்துணியால் துடைக்கவேண்டும், துடைக்கும்போது முகத்தை மூடவேண்டும், முத்தம் கூடாது என்று அதே அதிகாரியின் முன்னால் புதிய சத்தியம் வாங்கினார். முதுகுப் பொத்தான்களை இன்றும் அவர்தாம் பூட்டுகிறார்; சற்று இறுக்கமாகவே பூட்டுகிறார் என்று கேள்வி.

ஆனால் அவை யாவும் நிகழ்வதற்கு, அந்த வெள்ளிக்கிழமை மாலையில் ஒரே ஒரு விடை தேவைப்பட்டது. டாக்டர் ஹெஸ்தி விர்யோவைப் பார்த்தார், பறவையைப் பார்த்தார், பிறகு, படுக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்த நோயாளியைப் பார்த்தார். சுமியெமும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கெந்திஸ் துணிப்பையிலிருந்து இறங்கி, ரெக்சின் சட்டைமேல் நடந்துசென்று, துகிரானின் மணிக்கட்டில் ஏறி அமர்ந்தாள்.

"பாக் துகிரான்," என்றார் டாக்டர், "உண்மையைச் சொல்லுங்க. இந்தப் பறவை யாரோடது?"

"என்னோடதுங்க டாக்டர்."